எந்த மாரியில் கடித்தது?

2024 தை மாதம், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் பிடித்தது. அந்த மாரி முழுக்க யாழ்ப்பாணத்தில் டெங்கு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து வீட்டில் ஆட்கள் படுத்திருந்தார்கள். அதனால் கண்ணுக்குப் பின்னால் குத்தும் நாரிக்குள் உளைவும் தொடங்கியபோது எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கப் போனேன். என்னைப் பார்த்த வைத்தியர் ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்த பிள்ளை. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், இந்த மூண்டு கிழமைக்குள்ள எங்கையும் பத்தை வெட்டினனீங்களோ?”

வெட்டினேன். மார்கழி கடைசியில், மழை ஓய்ந்த இரண்டு நாளில், வயாவிளானில் இருக்கும் எங்கள் காணியின் பின்பக்கத்தைத் துப்பரவாக்கினேன். சொன்னேன். “அப்ப இதையும் ஒருக்கா பாப்பம்” என்று டெங்குச் சோதனைக்குக் கீழே டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல், சோதனையையும் எழுதித் தந்தார்.

மறுநாள் தாள் வந்தது. டெங்கு இருக்கிறது என்று முதல் வரி சொன்னது. டைபஸுக்கு இரண்டு வரி: ஐ.ஜி.எம். இல்லை, ஐ.ஜி.ஜி. இருக்கிறது. இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகள். முன்னது புதுத் தொற்றில் முதலில் வருவது, பின்னது நீண்ட நாள் நிற்பது. எனக்குக் கைகால் பதறிவிட்டது.

“ரெண்டும் ஒண்டாப் பிடிச்சிட்டுதோ தம்பி?”

“இல்லை சேர். இப்ப உங்களைப் படுக்க வைச்சது டெங்கு. மற்றது பழசு. முந்தி எப்பவோ உண்ணிக் காய்ச்சல் கிருமி உங்கட உடம்புக்குள்ள வந்து போயிருக்கு.”

“எனக்கு அப்பிடி ஒரு காய்ச்சல் வரேல்லையே?”

“வந்திருக்கும், நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள். இல்லாட்டி காய்ச்சலே வராமல் கிருமி மட்டும் வந்து போயிருக்கும். எங்கட ஆக்களில கனபேருக்கு அப்பிடித்தான்.”

டெங்கு பத்து நாளில் விட்டுப் போனது. இரண்டு கிழமை கழித்துத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஐ.ஜி.ஜி. அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பழையதுதான் என்று உறுதியானது. அவர் சொன்ன கடைசி வசனம் மட்டும் என்னை விடவில்லை. நல்ல சுகத்தோடு நடமாடுகிற ஒரு மனிதன், தனக்குத் தெரியாமலே, ஆளைக் கொல்லக்கூடிய ஒரு நோயின் அடையாளத்தை இரத்தத்தில் வைத்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஏனென்றால் அந்த நோய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் சின்னம்மாவுக்கு அது வந்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

சின்னம்மா தென்மராட்சியில் இருக்கிறார். ஆடு வளர்ப்பவர். 2013 மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாளும் பனடோல். பிறகு ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் காட்டினோம். வைரஸ் காய்ச்சல் என்றார்கள், ஊசியும் குளிசையும் தந்தார்கள். காய்ச்சல் விடவில்லை. தலையிடி தாங்க முடியாமல் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பார். எட்டாம் நாள் இருமல் தொடங்கியது. பத்தாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. அப்போதுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு இளம் பெண் வைத்தியர் மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, தலைமுடியிலிருந்து கால் விரல் வரை சின்னம்மாவின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடது மார்புக்குக் கீழே, தோல் மடிப்புக்குள், கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. சுருட்டு நெருப்பால் சுட்ட மாதிரி, சுற்றிவர ஒரு சிவந்த வளையத்தோடு. சின்னம்மாவுக்கு அது இருப்பது முந்தியே தெரியும். குளிக்கும்போது கையில் பட்டிருக்கிறது. நோகவில்லை, அரிக்கவில்லை. சட்டை உரஞ்சின புண் என்று விட்டுவிட்டார். மருத்துவ நிலையத்தில் யாரும் கேட்கவில்லை, அவருக்கும் அந்த இடத்தைக் காட்ட வெட்கம்.

அன்று இரவே டொக்சிசைக்கிளின் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டு, பிளேன்ரீ கேட்டார். அதற்கு முந்திப் பத்து நாள் போட்ட மருந்துகள் ஏன் வேலை செய்யவில்லை என்று பிறகுதான் விளங்கியது. சாதாரணமாக எழுதித் தரும் பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடாது. இது எங்கள் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து இருந்துகொண்டு பெருகுகிற பற்றீரியா. இதற்கு டொக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். இரண்டும் விலை குறைந்த மருந்துகள், எங்கும் கிடைப்பவை. சின்னம்மா பிழைத்தார். இடது காதுக்குள் கூவுகிற சத்தம் மட்டும் ஆறேழு மாதம் இருந்தது. காதையும் இந்த நோய் தாக்கும்.

இதனால்தான், எனக்கும் அது வந்து போயிருக்கிறது என்று வைத்தியர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அதே கிருமி ஒருவரை மூச்சுத் திணற வைத்தது. இன்னொருவரை ஒரு நாள்கூடப் படுக்க வைக்கவில்லை.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அதனால் எல்லோரும் நாயில் இருக்கிற உண்ணியை நினைக்கிறார்கள். வீட்டில் நாய் இல்லை, மாடு இல்லை, எனக்கு எப்படி வரும் என்று கேட்கிறார்கள். டைபஸ் என்று சொன்னால் டைபோயிட், அதாவது நெருப்புக் காய்ச்சல் என்று நினைக்கிறார்கள். அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது, முற்றிலும் வேறு நோய். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது நாயுண்ணியைவிட எவ்வளவோ சின்ன ஒரு சிற்றுண்ணி, அதிலும் அதன் குடம்பிப் பருவம் மட்டும். ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. செம்மஞ்சள் நிறம். வெறும் கண்ணுக்கு அகப்படாது.

அந்தப் பூச்சியின் வாழ்க்கை விசித்திரமானது. வளர்ந்த சிற்றுண்ணி மண்ணுக்குள் இருந்து சின்னப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று சீவிக்கிறது. மனிதரோடு அதற்கு ஒரு சோலியும் இல்லை. முட்டையிலிருந்து வந்த குடம்பிக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஓர் உயிரின் தோலில் ஒட்டிச் சாப்பிட வேண்டும். எலி, மூஞ்சூறு, அணில் என்று எது கிடைத்தாலும் சரி. புல் நுனியிலோ சருகிலோ ஏறிக் காத்திருக்கும். மனிதன் வந்தால் மனிதன். இரத்தத்தைக் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தத் திரவத்தை உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்துவிட்டு விழுந்துவிடும். ஒரே தடவைதான் சாப்பிடுகிறது என்றால் கிருமி அதற்கு எங்கிருந்து வருகிறது? தாயிடமிருந்து. முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கிருமி கைமாறுகிறது. அதனால் நோய் ஒரு துண்டு நிலத்தோடு சேர்ந்தே இருக்கும். ஒரு பற்றையில் இருக்கும், பத்து அடி தள்ளி இருக்காது.

இப்போது எங்கள் ஊர்க் காணியை நினைத்துப் பாருங்கள். பனை வடலிக்குக் கீழே குவிந்து கிடக்கும் காவோலையும் கொக்கறையும். அதற்குள் எலியும் அணிலும். வேலியோரம் நாயுண்ணி என்கிற உண்ணிச்செடிப் பற்றை, ஈச்சம் பற்றை. மாரி பிறந்து புல் முழங்காலுக்கு வந்ததும் மண் ஈரமாகிறது, வெயில் தணிகிறது, குடம்பிகள் வெளியே வருகின்றன. அந்த நேரத்தில்தான் நாங்களும் ஆட்டுக்குக் குழை வெட்டவும் விறகு பொறுக்கவும் பற்றைக்குள் இறங்குகிறோம். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வரும். கார்த்திகையிலிருந்து மாசி வரை யாழ்ப்பாணத்தில் இந்த நோய் கூடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, எனக்கு எப்போது கடித்தது?

நான் முதலில் போன இடம் 1995. அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. மழை. எனக்கு இருபத்திரண்டு வயது. கொடிகாமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாமரத்துக்குக் கீழே சாக்கு விரித்து எட்டு நாள் படுத்திருந்தோம். அம்மா கல் அடுக்கி உலை வைத்தார். மலசலகூடம் இல்லை, பற்றைதான். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது, எல்லோரும் மலேரியா என்றார்கள். அங்கேதான் கடித்திருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு ஒருவித திருப்தியும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த நாட்கள் எங்கள் மனதில் என்ன விட்டுப் போயின என்று எழுதியாயிற்று. உடம்பிலும் ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது 2015. வயாவிளானை விட்டு நாங்கள் ஓடியது 1990 ஆனியில். காணி இராணுவத்திடமிருந்து திரும்பக் கையில் வந்தது இருபத்தைந்து வருடம் கழித்து. வீடு நின்ற இடத்தில் ஒரு சுவர்த் துண்டும் கிணற்றுக் கட்டும்தான். மற்றதெல்லாம் காடு. ஆளுயர நாயுண்ணிச் செடி, அதற்கு மேலே விளாத்தி, எங்கும் வடலி. நானும் தம்பியும் கத்தியும் கோடரியும் கொண்டு இறங்கினோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. மத்தியானம் சோற்றுப் பொதியை அவிழ்த்து வெட்டிய புல்லின் மேலேயே இருந்து சாப்பிட்டோம், அதிலேயே சரிந்து நித்திரை கொண்டோம். சொந்த மண்ணில் படுக்கிற சந்தோசம். வலிகாமம் வடக்கில் காணி திரும்பக் கிடைத்த எல்லாக் குடும்பமும் இப்படித்தான் செய்தது.

இந்த இரண்டு கதையையும் வைத்தியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“95ல கடிச்சிருக்கும் சேர், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் அந்தப் பிறபொருளெதிரி இவ்வளவு காலம் நிக்காது. சில வருசத்தில மங்கிப் போகும். இப்ப உங்கட இரத்தத்தில இருக்கிறது கிட்டடியில கடிச்சது. அதுவும் ஒரு தடவை எண்டில்லை.”

நான் எதிர்பார்த்த பதில் இதில்லை. ஆனால் கணிதம் படிப்பித்தவனுக்கு அது உடனே உறைத்தது. உடம்பு எழுதுகிற எழுத்து அழிகிறது என்றால், ஓர் ஊரில் நூறு பேரைச் சோதித்து இத்தனை பேருக்கு இருக்கிறது என்று வருகிற எண், வாழ்நாளில் ஒரு தடவையாவது கடி வாங்கியவர்களின் எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முந்திக் கடி வாங்கி இப்போது மங்கிப் போனவர்கள் அந்தக் கணக்கில் விழமாட்டார்கள்.

அந்த எண்கள் எப்படி இருக்கின்றன என்று தேடிப் படித்தேன். ஆசிய நாடுகளில் சுகமாக இருக்கும் மக்களிடையே எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் ஒரு கட்டுரை வந்தது. 9 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை போகிறது, நடு மதிப்பு 22. ஐந்து பேரில் ஒருவர். அதே வருடம் வேலூர்ப் பக்கத்து மக்களைப் பற்றி வந்த ஆய்வில் ஏறக்குறைய 32 சதவீதம், மூன்று பேரில் ஒருவர். இவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. கடைக்குப் போய் வருகிறவர்கள், வயலுக்குப் போய் வருகிறவர்கள். வயது கூடக் கூட வீதமும் கூடுகிறது. பற்றையோடும் வயலோடும் புழங்கிய வருடங்கள் கூடுகின்றன, அவ்வளவுதான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2025ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. தமிழ்நாட்டில் 37 கிராமங்கள், 32,000க்கும் மேற்பட்ட மக்கள். 2020 முதல் 2022 வரை வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதோடு, சுகமாக இருந்தவர்களின் இரத்தத்தையும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஆயிரம் பேரில் 81 பேருக்குப் புதிதாகத் தொற்று. காய்ச்சல் என்று வெளியே தெரிந்தது ஆயிரத்தில் 6 பேருக்கு. தொற்று வந்தவர்களில் 8 முதல் 15 சதவீதம் பேருக்கே காய்ச்சல் வரை போகிறது என்பது அவர்கள் கணிப்பு. அதே ஆய்வில் 5 பேர் இறந்தும் இருக்கிறார்கள்.

ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொண்டேன். ஒரு மாரி முடிய எண்பது பேருக்கு மேல் கடி வாங்கிவிட்டார்கள். ஆறு பேர் படுத்தார்கள். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் பொங்கல் பொங்கினார்கள். பனங்கிழங்குப் பாத்தி இப்படித்தான் இருக்கும். மேலே அங்கொன்று இங்கொன்றாகக் குருத்துத் தெரியும், கிண்டினால்தான் கீழே எத்தனை என்று தெரியும். சின்னம்மா மேலே தெரிந்த குருத்து. நான் கீழே இருந்தவன்.

இலங்கையில் டைபஸ் காய்ச்சல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையில் அதற்கென்று ஒரு நிரல் உண்டு. மாரி நாட்களில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு நேரே இருக்கும் எண் பல வருடங்களில் முன்வரிசையில் நிற்கிறது. 2014ல் எங்கள் யாழ்ப்பாண மருத்துவர்களே வடக்கில் இந்த நோய் தலைதூக்குவதைப் பற்றி ஆய்விதழில் எழுதினார்கள். கண்டி மலைப்பக்கத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த புள்ளிக் காய்ச்சல்தான் கூடுதல். எங்கள் பக்கம் ஸ்க்ரப் டைபஸ். அந்த நிரலில் விழுகிறவர்கள் எல்லோரும் குருத்துகள். ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டு, எழுதி அனுப்பப்பட்டவர்கள்.

போருக்குப் பிறகு வந்த புது நோய் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது இலங்கைக் காட்டில் பயிற்சி எடுத்த படையினருக்கே இது வந்திருக்கிறது. கிருமியின் பெயரிலேயே அதன் வயது தெரியும். ஓரியன்சியா சுட்சுகாமுஷி. சுட்சுகா என்றால் யப்பான் மொழியில் நோய், முஷி என்றால் பூச்சி. ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த பிறகு அறுவடைக்கு இறங்கிய யப்பான் விவசாயிகள் வைத்த பெயர். மலாயாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இது நன்றாகத் தெரிந்த நோய். இதைக் குணமாக்கும் முதல் நுண்ணுயிர்க்கொல்லியை 1948ல் கோலாலம்பூரில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குளோரம்பெனிக்கோல். எங்கள் ஊரில் பாதி வீட்டில் மலாயாப் பென்சன்காரர் ஒருவர் இருந்த காலம் அது. அவர்களில் எத்தனை பேர் அங்கே பற்றைக் காய்ச்சல் கண்டு எழும்பி வந்தார்களோ என்று இப்போது நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நடந்தது இதுதான்: இருபத்தைந்து வருடம் மனிதர் கால் படாமல் பற்றை வளர்ந்தது, எலி பெருகியது, பிறகு ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்தியோடு உள்ளே இறங்கினார்கள். சோதனை செய்ய வசதியும் அதே காலத்தில்தான் வந்தது.

சுகமாக இருப்பவர்களின் இரத்தத்தை ஏன் பார்க்க வேண்டும், அது வெறும் ஆய்வாளர் ஆசை என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஜி.ஜி. இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து என்னை டைபஸ் நோயாளி என்று முடிவு கட்டியிருந்தால், இரத்தத் தட்டுகள் இறங்கிக்கொண்டிருந்ததை யார் கவனித்திருப்பார்கள்? டெங்கில் அந்த இரண்டு நாள் தவறினால் போதும். மறுபக்கமும் உண்டு. ஊரில் எல்லோருக்கும்தானே இது இருக்கிறது என்று அலட்சியமாக விட்டால் சின்னம்மா மாதிரி ஒருவர் போய்விடுவார்.

இதை என் மனதில் சரிப்படுத்திக்கொள்ள எனக்கு உதவியது கிணறு. எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான் எல்லாம். மாரியில் மழை எவ்வளவு பெய்தது என்பதைக் கிணற்று மட்டத்தைப் பார்த்துச் சொல்வோம். ஆனால் மழைக்கு முந்தி மட்டம் எங்கே நின்றது என்று கட்டில் ஒரு கோடு இருந்தால்தான் அது சரிவரும். புதிதாக வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மேலே நிற்கிறது, ஆகவே நேற்று மழை பெய்திருக்கிறது என்றால் சிரிப்போம். ஐ.ஜி.ஜி.யும் அப்படித்தான். எங்கள் ஊர்ச் சனத்தின் வழக்கமான மட்டம் தெரிந்தால்தான் எந்த அளவுக்கு மேலே போனால் புது நோய் என்று கோடு கீற முடியும். வேறு நாட்டில், இந்தப் பூச்சியே இல்லாத இடத்தில் கீறிய கோட்டை இங்கே கொண்டுவந்து வைத்தால், என்னைப் போன்ற ஆட்கள் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவோம். அதனால்தான் இரண்டு கிழமை விட்டு இரண்டாம் இரத்தம் எடுக்கிறார்கள். மட்டம் நான்கு மடங்கு ஏறியிருந்தால் இப்போது பெய்த மழை. ஏறாமல் அப்படியே இருந்தால் பழைய தண்ணீர்.

ஐ.ஜி.எம். வந்தாலும் முழு நிச்சயம் இல்லை, அதுவும் சில மாதம் நின்றுவிடும். இரண்டாம் இரத்தத்தின் முடிவு வரும் வரை மருந்தை நிறுத்தி வைக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. மருந்து கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் விடுவதே ஒரு சாட்சி. மருந்தே எடுக்காமல் விட்டால் நூறில் ஆறு பேர் அளவில் இறக்கிறார்கள் என்று பழைய பதிவுகளைத் திரட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நோய் கடுமையாகி உள்ளுறுப்புகளைத் தாக்கியவர்களுக்கு டொக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2023ல் இந்தியாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது.

எனக்கு முந்தி வந்து போனது, இனி வராது என்று நான் ஆறுதல் பட்டதும் உண்டு. அதையும் வைத்தியர் இல்லை என்றார். இந்தக் கிருமியில் பல வகை. ஒரு வகைக்கு எதிராக உடம்பு எடுத்த பலம் அதே வகைக்கு ஒன்றிரண்டு வருடம் நிற்கும், வேறு வகைக்குச் சில மாதம்தான். தடுப்பூசியும் இல்லை.

அதனால் என் பழக்கத்தில் சிலது மாறிவிட்டது. பற்றைக்குள் இறங்கினால் நீளக் காற்சட்டை, பூட்ஸ், காற்சட்டை நுனி பூட்ஸுக்குள். வெட்டிய புல்லில் உட்காருவதில்லை, ஒரு கதிரை கொண்டுபோகிறேன். களைந்த உடுப்பை வேலியிலோ செடியிலோ போடுவதில்லை. வீடு வந்ததும் உள்ளே போகாமல் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு உரஞ்சிக் குளிக்கிறேன். ஒட்டிக்கொள்ள இடம் தேடித் திரிகிற பூச்சிகள் அதில் போய்விடும். அப்பா தோட்டத்தால் வந்து செய்தது இதுதான், காரணம் வேறாக இருந்திருக்கும். வீட்டின் கோடிப்பக்கம் காவோலையைக் குவித்து வைத்திருந்த இடத்தையும் ஒதுக்கிவிட்டேன். 95ஐயும் வயாவிளானையும் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, சமையலறை யன்னலில் இருந்து எட்டடி தூரத்தில் எலிப் பொந்து மூன்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. குழை முறிப்பதும் விறகு பொறுக்குவதும் ஆடு கட்டுவதும் எங்கள் பக்கத்தில் கூடுதலாக அவர்கள் வேலை. பூச்சி கடிக்கிற இடமோ உடுப்பு இறுகுகிற இடம்: மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா முடிகிற இடம், தொடை இடுக்கு, அக்குள். ஆண்களுக்குச் சாரம் செருகுகிற இடம். பொருக்கு எல்லோருக்கும் வராது. வந்தாலும் எங்கள் நிறத்தில் சட்டென்று தெரியாது. வந்தவர்களிலும் எத்தனை பேர் காட்டாமல் விட்டிருப்பார்கள்? சின்னம்மாவை மருத்துவ நிலையத்தில் இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டு தடவையும் சட்டைக்கு மேலால்தான் குழாய் வைத்தார்கள். நான் அப்போது வெளியே வாங்கில் இருந்தேன். “ஆடு வளர்க்கிறவ, பத்தைக்குள்ள போறவ” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு அது முக்கியம் என்று தெரியாது. பத்து வருடம் கழித்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட என் மாணவனை நினைத்து எனக்குப் பெருமை.

2024 மார்கழியில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது ஊர் முழுக்கப் பயம் பிடித்தது. எலிக்காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. விவசாயிகளுக்கு வீடு வீடாகப் போய்க் குளிசை கொடுத்தார்கள். அதுவும் டொக்சிசைக்கிளின்தான். அந்த நேரம் நான் சின்னம்மா வீட்டில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், தாய் வந்து படலையடியில் நின்று சொல்லி அழுதார். சின்னம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர், கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

“பிள்ளையின்ர உடம்பில எங்கையும் கறுப்பாப் பொருக்கு இருக்கோ? வடிவாப் பாத்தனியோ?”

“இல்லை மாமி, பாக்கேல்லை. ஏன்?”

“வா, உள்ள போய்ப் பாப்பம். இருந்தாலும் இல்லாட்டிலும் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். வெட்டின பத்தையைப் பற்றி டொக்டரிட்டை நானே சொல்லுறன்.”

என்னைப் பார்த்து ஓட்டோவுக்குச் சொல்லச் சொன்னார். நான் தொலைபேசியை எடுத்தேன்.